இரண்டு மணிக்கு மேல் வாருங்கள்

கும்பகோணத்தில் தெய்வங்களுக்கே வேலை நேரம் உண்டு. உச்சிகாலம் முடிந்து பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அதுவரை எப்பேர்ப்பட்ட வி.ஐ.பி.யும் கோபுரத்து நிழலில் உட்கார்ந்து மோர் குடிக்க வேண்டியதுதான். யாரும் சன்னதிக் கதவைத் தட்டி, "சாமி, கொஞ்சம் முன்னாடி திறக்க முடியுமா? பெட்டியை மட்டும் உள்ள வெச்சுட்டுப் போயிடறோம்" என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்பதெல்லாம் என்னிடம்தான்.

நான் சாமி இல்லை. மகாமகக் குளத்துக்கு நடந்து போகிற தூரத்தில், தாத்தா காலத்து வீட்டின் மாடியைத் தினவாடகைக்கு விடுகிற ஆசாமி. இரண்டு அறை, ஒரு கூடம், ஏ.சி., வெந்நீர். பிள்ளைகள் வேலைக்காக வெளியூர் போனபின் மாடி சும்மா கிடந்தது. சும்மா விட்டால் கரையான் வாடகை தராமல் குடியேறிவிடும் என்று வீட்டம்மாள் சொன்னாள். செயலியில் ஏற்றினோம். விளம்பரத்தில் தெளிவாகவே போட்டிருக்கிறேன்: செக்-இன் பிற்பகல் 2 மணி, செக்-அவுட் காலை 11 மணி. படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். தலையணை எத்தனை என்று எண்ணிக்கூடப் பார்க்கிறார்கள். அந்த ஒரு வரியைப் படித்தவர்களை மட்டும் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பதினொன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் வீட்டுக்காரன் என்ன செய்கிறான் என்பதில் பலருக்குச் சந்தேகம். தூங்குகிறான் என்பது பொதுக்கருத்து. நடப்பதைச் சொல்கிறேன். பதினொன்று என்றால் பதினொன்றே முக்காலுக்குத்தான் முதல் பெட்டி படி இறங்கும். உடனே சுத்தம் செய்கிற அக்காவும் நாங்களும் மாடி ஏறுவோம். நவக்கிரகச் சுற்றுலா வந்தவர்கள் என்றால் தலையணை உறையில் ஒன்பது கோயில் குங்குமமும் இருக்கும். திருநள்ளாறு போய்வந்தவர்கள் என்றால் நளன் குளத்தில் தேய்த்துக் குளித்த நல்லெண்ணெயில் ஒரு பங்கு எங்கள் படுக்கை விரிப்புக்கும் வந்து சேர்ந்திருக்கும். அதையெல்லாம் துவைத்து, மொட்டைமாடிக் கொடியில் போட்டு, காய்ந்ததும் மடித்து விரிக்க வேண்டும். சித்திரையில் ஒரு மணி நேரத்தில் காயும். ஐப்பசி அடைமழையில் காயவே காயாது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வந்துவிட்டால் மோட்டாரும் ஓடாது, வாஷிங் மெஷினும் ஓடாது. அக்காவின் கையும் என் வாளியும்தான் ஓடும். ஆக, இரண்டு மணி என்பது நான் இஷ்டத்துக்கு வைத்த நேரமில்லை. படுக்கை விரிப்பு காய்கிற நேரம்.

இது விருந்தினர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கென்று வேறு கடிகாரங்கள் இருக்கின்றன.

முதலில் ரயில் கடிகாரம். சென்னை எழும்பூரிலிருந்து இரவில் கிளம்புகிற உழவன் எக்ஸ்பிரஸ் பெயருக்கு ஏற்றபடி நடந்துகொள்கிற வண்டி. கோழி கூவுமுன்னே கும்பகோணத்தில் ஆட்களை இறக்கிவிட்டுத் தஞ்சாவூருக்குப் போய்விடும். இறங்கியவர்களுக்கு அந்த நேரத்தில் ஊரில் தெரிந்த ஒரே ஜீவன் நான். இருட்டில் போன் அடிக்கும்.

"சார், ஸ்டேஷன்ல இறங்கிட்டோம். ஆட்டோக்காரர்கிட்ட வழி சொல்றீங்களா?"

"உங்களுக்கு இன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குத்தானே புக்கிங்?"

"ஆமா சார், இன்னிக்குத்தான். இன்னிக்கு ஆரம்பிச்சிடுச்சே!"

தர்க்கத்தில் ஓட்டையே கிடையாது. நள்ளிரவிலேயே தேதி மாறிவிட்டது. அதற்குப் பிறகும் நாலு மணி நேரம் எனக்காகப் பொறுத்திருக்கிறார்கள். மாடியில் முந்தின நாள் வந்த கோயம்புத்தூர்க் குடும்பம் குறட்டையில் இருக்கும். "ஆள் இருக்காங்க" என்றால், "எப்ப எழுந்திருப்பாங்க?" என்று கேட்பார்கள். பிறகுதான் அந்த வசனம் வரும்: "பரவாயில்ல சார், பெட்டியை மட்டும் வெச்சுட்டுப் போயிடறோம்."

பெட்டி ரேழிக்கு வரும். பெட்டிக்குப் பின்னாலேயே பாட்டி வருவார். வயதானவரை நிற்கவைக்க முடியுமா? நாற்காலி போடுவோம். பாட்டி கைகால் அலம்ப வேண்டும். பாட்டி போனால் பேரனும் போக வேண்டும். குளியலறை திறந்துதானே இருக்கிறது என்று மாப்பிள்ளை, "ரெண்டு சொம்பு தண்ணி ஊத்திக்கிட்டா போதும் சார்" என்பார். துண்டு பெட்டிக்குள் இருக்கும், பெட்டி திறக்கப்படும். நனைந்த துண்டுக்குக் கொடி வேண்டும். போனுக்குச் சார்ஜ் வேண்டும். உள்ளேயிருந்து காபி வாசனை வரும்போது, வந்தவர்களை விட்டுவிட்டு நாங்கள் மட்டும் குடிக்க முடியுமா? பொழுது விடிந்து பார்த்தால் மாடியில் ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம். என் வீட்டுக் குளியலறைக்கு நான் தோளில் துண்டோடு வரிசையில் நிற்பேன். முன்கூட்டி வந்தால் தனிக் கட்டணம் என்று ஒருமுறை எழுதிப் போட்டேன். "பெட்டிக்குமா சார்?" என்று கேட்டார்கள்.

அவர்கள் மேல் மட்டும் பழி போடுவதும் நியாயமில்லை. நம் ஊர் லாட்ஜுகளின் பலகையைப் பாருங்கள்: 24 மணி நேர செக்-அவுட். காலை ஐந்துக்குச் சாவி வாங்கினால் மறுநாள் காலை ஐந்துவரை அறை உங்களுடையது. அதில் வளர்ந்தவர்கள் நாம். பெரிய ஓட்டல்களின் கணக்கு வேறு: அங்கே நாள் பிற்பகலில் பிறந்து மறுநாள் முற்பகலில் செத்துப்போகும். வாடகைச் செயலிகளும் அந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டுவிட்டன. ஓய்வுபெற்ற ஆடிட்டர் ஒருவர் என்னை மடக்கினார்.

"ஒரு நாள் வாடகை வாங்கறீங்க. குடுக்கறது இருபத்தோரு மணி நேரம். மிச்சம் மூணு மணி நேரம் எங்க போச்சு?"

"துவைக்கறதுக்குப் போச்சு சார்."

"உங்க வீட்டுத் துணி துவைக்க நான் ஏன் வாடகை கட்டணும்?"

"உங்களுக்காக, முன்னாடி இருந்தவர் கட்டிட்டுப் போயிருக்கார். நீங்க அடுத்து வர்றவருக்காகக் கட்டறீங்க."

வரவும் செலவும் நேரானதும் ஆடிட்டர் சமாதானமாகி மாடி ஏறினார்.

ரயில் கடிகாரத்தையாவது சமாளித்துவிடலாம். பஞ்சாங்கக் கடிகாரம் அப்படியல்ல. என் வீட்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பரிகாரத்துக்கு வருகிறவர்கள். குரு பகவானைப் பார்க்க ஆலங்குடி போகிறவர்கள் வியாழக்கிழமை பார்த்து வருவார்கள். வியாழக்கிழமை ராகு காலம் ஒன்றரை முதல் மூன்று; என் இரண்டு மணி அதன் நடுவில் மாட்டிக்கொள்ளும். சனி பகவானுக்காகத் திருநள்ளாறு போகிறவர்கள் சனிக்கிழமை வருவார்கள்; அன்றைக்கு ஒன்றரை முதல் மூன்று எமகண்டம். விடியற்காலையில் "எப்பத் திறப்பீங்க" என்று கேட்ட அதே மனிதர், இரண்டு மணிக்குக் கதவை அகலத் திறந்து வைத்தால், "மூணு ஆகட்டும் சார்" என்று வாசலில் காரிலேயே உட்கார்ந்துவிடுவார்.

சரி, மூன்று மணிக்கு மாற்றிவிடலாமே என்பீர்கள். செவ்வாய்க்கிழமை மூன்று முதல் நாலரை ராகு காலம். வெள்ளிக்கிழமை அதே நேரம் எமகண்டம். பன்னிரண்டு என்று வைத்தால் புதன்கிழமை ராகு காலம், ஞாயிற்றுக்கிழமை எமகண்டம். நாலரைக்குத் தள்ளினால் மறுபடி ஞாயிறு, மறுபடி ராகு. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டுப் பார்த்தேன். பகல் பன்னிரண்டிலிருந்து மாலை ஆறுவரை இரண்டும் எட்டிப் பார்க்காத நாள் வாரத்தில் ஒன்றே ஒன்று: திங்கட்கிழமை. திங்கட்கிழமை யாரும் வருவதில்லை. எல்லோருக்கும் ஆபீஸ்.

அந்தத் திங்கட்கிழமையில் ஒன்றரை முதல் மூன்று குளிகை. குளிகையில் செய்த காரியம் மறுபடி மறுபடி நடக்கும் என்பது நம்பிக்கை. அதனால்தான் அந்த நேரத்தில் நகை வாங்குவார்கள், கடன் வாங்க மாட்டார்கள். "ஏங்க, திங்கக்கிழமை ரெண்டு மணிக்கு ஒருத்தராவது வந்தாச் சொல்லுங்க, கள்ளிச்சொட்டாக் காபி போட்டுத் தரேன். ஆயுசுக்கும் நம்ம வீட்டுக்குத்தான் வருவாங்க" என்கிறாள் வீட்டம்மாள்.

இன்னொரு வேடிக்கை. ராகு காலத்தை இப்படி ஒதுக்கி வைக்கிற அதே மனிதர்கள், ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு ராகு காலத்தைத் தேடிக்கொண்டு திருநாகேஸ்வரத்துக்கு ஓடுவார்கள். அங்கே ராகு பகவானுக்கு ராகு காலத்தில்தான் பாலாபிஷேகம் விசேஷம்; ஊற்றுகிற பால் நீல நிறமாக வழிவதைப் பார்க்கக் கூட்டம் நெரியும். ஆக, ராகு காலத்தில் ராகுவின் வீட்டுக்குள் போகலாம்; என் வீட்டுக்குள்தான் போகக் கூடாது.

அந்த ஒரு வரியைப் படித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் என்றேனே, அவர்களில் ஒரு பிரெஞ்சுத் தம்பதியும் அடக்கம். புதுச்சேரியிலிருந்து காரில் கிளம்பியதும் ஒரு செய்தி அனுப்பினார்கள்: 2 மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம், 2.05 ஆகலாம், மன்னிக்கவும். இப்படியும் மனிதர்களா என்று வீட்டம்மாளிடம் படித்துக் காட்டினேன். சொன்னபடியே 2.05-க்கு வந்து இறங்கினார்கள். அன்று வியாழக்கிழமை. எனக்கு ஆட்சேபணை இல்லை, அவர்களுக்கும் இல்லை. எதிர்வீட்டுப் பாட்டிக்கு இருந்தது. வெள்ளைக்காரர்கள் என்றால் ராகு விட்டுவிடுவானா என்று கேட்டு, இருவரையும் கையைப் பிடித்து அழைத்துப் போய்த் தன் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்தார். பெருங்காயம் போட்ட மோர் கொடுத்தார். அந்த அம்மாளுக்கு மல்லிகைப்பூ வைத்துவிட்டார். மூன்று அடித்ததும், "இப்பப் போ தாயி, வலது காலை எடுத்து வெச்சுப் போ" என்று அனுப்பினார். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் விவரங்களை அரசுக்கு இணையத்தில் பதிய வேண்டும். வந்த நேரம் என்று எதைப் போடுவது, பாட்டி திண்ணைக்கு வந்ததையா, என் வீட்டுக்கு வந்ததையா என்று கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டியிருந்தது. ஊருக்குப் போய் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். விமர்சனத்தில், இந்த வீட்டில் செக்-இன் என்பது ஒரு மணி நேரப் பாரம்பரியச் சடங்கு என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு வந்த அடுத்த வெளிநாட்டுக்காரர் மோர் எங்கே என்று கேட்டார்.

சீக்கிரம் வருகிறவர்களையாவது பார்த்துக்கொண்டிருக்கலாம். தாமதமாக வருகிறவர்களை நெடுஞ்சாலை முழுக்கக் காதால் தொடர வேண்டும். சென்னையிலிருந்து காரில் வருகிறவர்கள் எந்த ஊரில் இருக்கிறோம் என்று ஒருநாளும் சொல்வதில்லை. எந்த ஊரில் இருந்திருக்க வேண்டுமோ அதைத்தான் சொல்வார்கள். "அணைக்கரை தாண்டிட்டோம் சார், அரை மணியில வீட்டு வாசல்ல இருப்போம்" என்று குரல் வரும். பின்னணியில், "முந்திரி, பலாப்பழம்!" என்று ஒருவர் கூவிக்கொண்டிருப்பார். அது பண்ருட்டி. இன்னும் நெய்வேலி, வடலூர், சேத்தியாத்தோப்பு, மீன்சுருட்டி எல்லாம் பாக்கி. அதற்கப்புறம்தான் கொள்ளிடத்தின் மேல் அணைக்கரை. 1836-இல் ஆர்தர் காட்டன் அங்கே கீழணையைக் கட்டியபோது, அது எத்தனை பேருடைய பொய்யைத் தாங்கப்போகிறது என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். தாமதத்துக்குக் காரணம் கேட்டால் காபி என்பார்கள். செங்கல்பட்டைத் தாண்டினாலே சாலையோரம் 'கும்பகோணம் டிகிரி காபி' பலகைகள் ஆரம்பித்துவிடும். ஒவ்வொன்றிலும் இறங்கி, பித்தளை டபராவைப் படம் எடுத்து, கும்பகோணத்து ருசியை வழியெல்லாம் சேகரித்துக்கொண்டு, கடைசியில் கும்பகோணத்துக்கு ராத்திரி பத்து மணிக்கு வந்து, "ஐயோ, காபி வேணாம் சார், தூக்கம் வராது" என்பார்கள்.

இத்தனை அல்லல் எதற்கு, சாவியை எண் பூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு எண்ணை அனுப்பிவிடு என்று பெங்களூரிலிருந்து மகன் யோசனை சொன்னான். வாங்கி மாட்டினோம். முதலில் வந்த குடும்பத்தின் பெரியவர் பூட்டைத் தொடவே மறுத்துவிட்டார். "வீட்டுக்காரங்க வான்னு சொல்லாம எப்படிங்க உள்ள போறது?" என்று வாசலில் நின்றபடி போன் செய்தார். சந்தையிலிருந்து காய்கறிப் பையோடு ஓடிவந்து, "வாங்க வாங்க" என்று சொன்னேன். அதன் பிறகு அவரே எண்ணை அழுத்தித் திறந்துகொண்டு உள்ளே போனார்.

கல்யாணக் கடிகாரம் தனி ரகம். பிரம்ம முகூர்த்தம் என்றால் பெண் வீட்டார் இரண்டு மணிக்கே எழுந்து அலங்காரத்தில் உட்காருவார்கள். எனக்கு அது செக்-இன்னுக்கு நேர் எதிரான இரண்டு மணி. தாலி கட்டி, சாப்பாட்டுப் பந்தி முடிய மதியமாகிவிடும். மணமகளின் சித்தப்பாக்கள் பட்டு வேட்டியோடு வந்து படுத்தால், பதினொன்றாவது பன்னிரண்டாவது! குறட்டையை எழுப்பி, "செக்-அவுட்" என்று சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. அந்தப் பொறுப்பை அக்காவின் துடைப்பச் சத்தம் எடுத்துக்கொள்ளும்.

என் புலம்பலைக் கேட்ட தஞ்சாவூர்ப் பெரியப்பா ஒருவர், "நம்ம சீமையில சத்திரத்துக்கு நேரம் உண்டாடா?" என்று சரித்திரத்தை எடுத்தார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ராமேஸ்வரம் யாத்திரை போகிறவர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் சரபோஜி சத்திரங்களின் நடைமுறையை விவரித்திருக்கிறார். நள்ளிரவில் மணி அடித்து, ஏதோ காரணத்தால் தாமதமாக வந்தவர்களையும் கூப்பிட்டுச் சோறு போடுவார்களாம். படித்தால் மனம் நெகிழத்தான் செய்கிறது. ஆனால் மணி அடித்தவர் மன்னரின் சம்பளக்காரர். சத்திரத்துக்கு மானியக் கிராமங்கள் இருந்தன. எனக்கு இருப்பது மின்கட்டண ரசீது. தவிர, சத்திரத்தில் யாரும் தலையணை உறைக்கு நட்சத்திரம் போட்டதில்லை.

2007-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வாடகை கட்டச் சிரமப்பட்ட இரண்டு இளைஞர்கள் தங்கள் கூடத்தில் காற்று மெத்தை போட்டு மூன்று பேரைத் தங்கவைத்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஏர்பிஎன்பி என்கிற பெரிய நிறுவனம். மகாமகத்துக்குத் திண்ணையிலும் கூடத்திலும் ஜமக்காளம் விரித்து ஒரு கிராமத்தையே படுக்கவைத்த என் தாத்தா இதைக் கேட்டிருந்தால், காற்று எதற்கு என்று கேட்டிருப்பார். அவர் காசு வாங்கவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். அந்த வழக்கத்தை மறக்காத சொந்தக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2016-க்குப் பிறகு அடுத்த மகாமகம் 2028-இல். "அதுக்கு மாடி எங்களுக்குத்தான், இப்பவே சொல்லிட்டேன்" என்று ஒரு மாமா பதிவு செய்துவிட்டார். எத்தனை பேர், எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று கேட்டேன். "நம்ம வீட்டுக்கு வர்றதுக்கு என்னடா நேரம்?" என்றார். உறவினர்களுக்குச் செக்-இன் நேரமும் கிடையாது, செக்-அவுட் தேதியும் கிடையாது.

மற்றவர்களுக்கு உண்டு. கும்பகோணம் என்றில்லை, எந்த ஊரில் வீடு எடுத்துத் தங்கினாலும் அந்த வீட்டின் கொடியில் ஒரு படுக்கை விரிப்பு காய்ந்துகொண்டிருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை ரயிலில் வந்து இறங்கியதும் கால் நீட்ட வேண்டும் என்றால், முந்தின ராத்திரிக்கும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். அது செலவென்று தோன்றினால் சாரங்கபாணி, கும்பேஸ்வரர், ராமசாமி என்று சுற்றிவிட்டு, தாராசுரமும் பார்த்துவிட்டு, இலைச்சாப்பாடு சாப்பிட்டு வாருங்கள். பொழுது சரியாக இருக்கும். ராகு காலம் பார்ப்பவரா, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூட ஒரு மணி நேரம் கிடைத்தால் துணி இன்னும் நன்றாகக் காயும். வழியில் நான் போன் செய்து எங்கே வருகிறீர்கள் என்று கேட்டால் மட்டும், தயவுசெய்து, இருக்கிற ஊரின் பெயரைச் சொல்லுங்கள். பண்ருட்டி என்றே சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். வரும்போது கால் கிலோ முந்திரி வாங்கி வரச் சொல்வேன், அவ்வளவுதான்.